கருணையும் நீதியும்
அன்னை தெரேசாவின் பணி எழுப்பும் ஓர் அறவியல் வினா

கல்கத்தா நகரின் காளிகாட் பகுதியில், காளி கோயிலை அடுத்து, யாத்திரிகர் தங்குவதற்கென அமைந்த பழைய விடுதியொன்று இருந்தது. 1952ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவ்விடம் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியின் பொறுப்பில் வந்தது. வீதியோரங்களில் இறந்துகொண்டிருந்தோரையும் வைத்தியசாலைகள் ஏற்க மறுத்தோரையும் கொணர்ந்து கிடத்துவதற்கு ஓர் இடம் வேண்டுமென அவர் மாநகரசபையிடம் கேட்டிருந்தார். ‘நிர்மல் ஹிருதய்’, அஃதாவது தூய இதயம், என்று அவ்விடத்துக்குப் பெயரிடப்பட்டது. அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் குளிப்பாட்டப்பட்டார்கள். அவர்தம் புண்கள் கழுவப்பட்டன. உண்ண இயன்றோருக்கு உணவு ஊட்டப்பட்டது. பலர் சில நாட்களிலும், சிலர் சில மணித்தியாலங்களிலும் இறந்தனர். பிழைத்தெழுந்து சென்றோரும் உளர்.

இச்செயலை நோக்கியோர் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். மனித அன்பின் உச்சநிலை இதுவென ஒரு சாரார் போற்றினர். மறு சாரார், இறப்போரைக் கழுவிக் கிடத்துவதால் அவர்களை வீதிக்குத் தள்ளிய அமைப்பு மாறிவிடுமா என வினவினர். அன்றியும், இத்தகைய தொண்டு அவ்வமைப்பின் கொடுமையை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது எனவும் குற்றஞ்சாட்டினர். இவ்விரு கூற்றுகளுக்கும் பின்னால் நிற்பது பழைய அறவியல் வினா ஒன்றாகும். துன்பத்தின் காரணத்தை ஆராயாது துன்பத்தை மட்டும் தணிப்பது அறத்தின் முழுமையாகுமா? காரணத்தைக் களையும்வரை துன்புறுவோனைக் காத்திருக்கச் சொல்வது அறமாகுமா? ஒரு தனிமனிதரின் பணியைப் புகழ்வதையோ இகழ்வதையோ விட, இவ்வினாவை அப்பணியின் ஒளியில் ஆராய்வதே பயனுடையதாகும்.

அன்னை தெரேசா எனப் பின்னர் உலகறிந்த இக்கன்னியாஸ்திரி, 1910 ஓகஸ்ட் 26இல், அக்காலத்தில் ஒட்டோமன் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஸ்கொப்யே நகரில், அல்பேனியக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1928இல் அயர்லாந்து சென்று லொறெற்றோ கன்னியர் சபையிற் சேர்ந்து, 1929இன் தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்தார். அந்நகரின் என்ற்றாலிப் பகுதியில் அச்சபை நடத்திய பாடசாலையில் பல ஆண்டுகள் ஆசிரியையாகவும் பின்னர் அதிபராகவும் கடமையாற்றினார். 1946 செப்டெம்பர் 10இல் டார்ஜிலிங் நோக்கிப் புகைவண்டியிற் செல்கையில், மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிடையே வாழுமாறு அழைப்புப் பெற்றதாக அவர் கூறினார். 1948இல் உரிய அனுமதியைப் பெற்று, நீலக்கரையிட்ட வெள்ளைச் சேலை அணிந்து, பட்னாவில் குறுகிய காலம் மருத்துவப் பணிவிடை பயின்றபின், மோதிஜீல் சேரியிற் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். 1950 ஒக்டோபர் 7இல் பிறரன்புப் பணியாளர் சபை முறைப்படி நிறுவப்பட்டது. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குத்தத்தங்களோடு, வறியோரிலும் வறியோர்க்கு மனமுவந்து இலவசமாய்ப் பணிபுரிதல் என்னும் நான்காவதொன்றையும் அச்சபைக் கன்னியர் ஏற்றனர். 1979இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1997 செப்டெம்பர் 5இல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ 4,000 கன்னியரைக் கொண்டதாய், 123 நாடுகளில் 610 இல்லங்களை உடையதாய் அச்சபை விரிவடைந்திருந்தது. 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் கண்ட கல்கத்தா எவ்வாறிருந்தது என்பதை மனங்கொள்ளல் அவசியம். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தில் இறந்தோர் தொகை 30 இலட்சம் வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டுள்ளது. கிராமங்களிலிருந்து உணவு தேடி வந்தோர் அந்நகர வீதிகளில் வீழ்ந்து மடிந்தனர். 1946 ஓகஸ்டில் மதக் கலவரம் மூண்டு சில நாட்களுள் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1947இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதும் கிழக்கிலிருந்து அகதிகள் திரள்திரளாக வந்து புகையிரத நிலையங்களிலும் நடைபாதைகளிலும் தங்கினர். மடத்து மதில்களுக்கு வெளியே கிடந்த இத்துயரமே அவரை வெளியே அழைத்தது எனின் அது மிகையன்று.

ஆயின் இதே துயரத்தை வேறொரு கண்கொண்டு நோக்கியவரும் இருந்தார். 1943இல் சாந்திநிகேதனிற் சிறுவனாக இருந்து பஞ்சத்தில் அடிபட்டோரை நேரிற் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் பொருள்படும் நூலில், அப்பஞ்சத்தின் காரணத்தை ஆராய்ந்தார். 1943இல் வங்காளத்திற் கிடைத்த உணவின் அளவு பஞ்சமே ஏற்படாத 1941ஆம் ஆண்டினதைக் காட்டிலும் அதிகம் என்பது அவரது கணிப்பு. போர்க்காலச் செலவினங்களால் அரிசி விலை உயர்ந்தது. நகரவாசிகள் பலர்க்கு அரசாங்கம் குறைந்த விலையில் அரிசி வழங்கியது. கூலி உயராத விவசாயத் தொழிலாளரும் மீனவரும் உணவை வாங்கும் ஆற்றலை இழந்தனர். உணவின்மையால் அன்றி, உணவைப் பெறும் உரித்தின்மையாலேயே அவர்கள் இறந்தனர் என்பது சென்னின் முடிபு. அவரது கணிப்புகளோடு உடன்படாத ஆய்வாளரும் உளர். எனினும் பஞ்சம் இயற்கையின் செயல் மட்டுமன்று, மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் விளைவுமாகும் என்ற உண்மை அதனால் நிலைபெற்றது.

இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டால் தருமம் பற்றிய வினா கூர்மையடைகிறது. வீதியிற் கிடப்பவனது உரித்து ஒன்று பறிக்கப்பட்டிருக்குமாயின், அவனுக்கு அளிக்கப்படும் சோறு கொடையா, திருப்பிச் செலுத்தப்படும் கடனா? ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் 1797இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் இதே ஐயத்தை எழுப்பினார். ஒருவன் மற்றொருவனுக்கு உதவக்கூடிய நிலையில் இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியான ஏற்பாடுகளால் சிலர் நன்மையடைந்தமையின் பயன் எனின், செல்வன் செய்யும் உதவி ஈகை எனப் பெருமை பேசத்தக்கதா என்பது அவர் வினா. கொடுப்பவன் தன் கொடையால் உயர்கிறான். பெறுபவனோ பெறுவதனாலேயே தாழ்கிறான். உரிமையைப் பெறுபவன் எவர்க்கும் நன்றி கூற வேண்டியதில்லை. கொடையைப் பெறுபவன் தலைகுனிய நேரிடுகிறது.

தமிழ் அறநூல் மரபும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அறத்துப்பாலில் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைகின்றன. இரவும் இரவச்சமும் பொருட்பாலில் இடம்பெறுகின்றன. கொடுப்பவன் பக்கமிருந்து நோக்கும்போது அறமாய்த் தோன்றுவது, இரப்பவன் பக்கமிருந்து நோக்கும்போது பொருளும் அரசும் சார்ந்த கேடாய்த் தோன்றுகிறது. இவ்வைப்பு முறைக்கு ஆசிரியர் கருதிய காரணம் இதுவே எனத் துணிந்து கூறவியலாது. ஆயினும் ஈகையைப் போற்றிய அதே நூல், இரந்து உயிர்வாழ வேண்டிய நிலையை உலகியற்றியவன் மீதே சினங்கொள்ளும் அளவுக்கு வெறுத்தது என்பது நோக்கற்பாலது.

நீதியின் பக்கம் நிற்போர் தம் வாதத்துக்கு மேற்கு வங்காளத்திலிருந்தே சான்று காட்டக்கூடும். 1977இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி அரசு, மறுவாண்டில் ‘பர்கா நடவடிக்கை’ எனப்படும் திட்டத்தைத் தொடங்கிற்று. பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு, எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய நிலையிலிருந்த குடியானவரின் பெயர்கள் கிராமம் கிராமமாகச் சென்று அரச பதிவேட்டில் எழுதப்பட்டன. காலப்போக்கில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இவ்வாறு பதிவுபெற்றனர். பதிவுபெற்றவனை நிலத்திலிருந்து எளிதில் அகற்ற இயலாது. விளைச்சலில் அவனுக்குரிய பங்கும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது. நிலத்தினின்று எறியப்பட்டு நகர வீதிக்கு வந்து சேர்பவனைத் தூக்கியெடுப்பது ஒரு பணி. அவன் எறியப்படாமற் செய்வது பிறிதொரு பணி. இரண்டாவதே மேலானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லையென அவர்கள் கூறுவர்.

இவ்வாதம் வலிமையுடையதாயினும் ஓரிடத்தில் தடுமாறுகிறது. பதிவேட்டில் எழுதப்படும் பெயர் நாளை வாழவிருப்பவனுக்கே பயன்படும். காளிகாட்டிற் கிடந்தவனுக்கு நாளை என்பதில்லை. நிலச்சீர்திருத்தம் எத்துணை விரைவாக நடைபெறினும் அவனை வந்தடையாது. அவனுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பது மெய். அவ்வநீதியை அவன் வாழ்நாளுள் ஈடுசெய்ய எவராலும் இயலாது என்பதும் மெய். அத்தகையவன் பொருட்டு யாது செய்யத்தகும் என்னும் வினாவுக்கு, அமைப்பு மாற்றத்தை மட்டும் அறமெனக் கொள்ளும் கோட்பாடு விடை கூறவில்லை.

பயன்வழிக் கோட்பாட்டினர் இங்கே வேறொரு கணக்கை முன்வைப்பர். 1971இல் கிழக்கு வங்காளத்தில் நிகழ்ந்த போரினால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுட் புகுந்தனர். கல்கத்தாவைச் சூழ்ந்த முகாம்களிற் பிறரன்புப் பணியாளர் சபைக் கன்னியரும் பணிபுரிந்தனர். அவ்வாண்டு நவம்பரில், அவ்வகதிகளை மனத்திற்கொண்டு, அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீற்றர் சிங்கர் பஞ்சம், செல்வம், ஒழுக்கம் ஆகியன பற்றிய தம் கட்டுரையை எழுதினார். அது 1972இல் வெளியாயிற்று. ஆழமற்ற குளமொன்றில் மூழ்கும் குழந்தையைக் கண்டவன் தன் உடை நனைவதைப் பொருட்படுத்தாது காப்பாற்றக் கடமைப்பட்டவன். தொலைவு இக்கடமையைக் குறைப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். உதவுதல் கொடையன்று, கடமையே என நிறுவியமை அதன் சிறப்பாகும். ஆயின் இவ்வழியே மேலும் செல்வோர், உதவி எங்கு மிகுதியான உயிர்களைக் காக்குமோ அங்கேயே செலவிடப்பட வேண்டும் என்ற முடிவுக்கு வருவர். அக்கணக்கின்படி, இறப்பது உறுதியான ஒருவனின் இறுதி மூன்று மணித்தியாலங்களுக்கு ஒரு கன்னியாஸ்திரியின் உழைப்பைச் செலவிடுவது வீணேயாகும்.

அன்னை தெரேசாவின் செயல் இக்கணக்கை முற்றாக மறுத்தது. தாம் கூட்டத்தை நோக்குவதில்லை, ஒருவரையே நோக்குவதாக அவர் பலகாலும் கூறியதுண்டு. இது கணிதம் அறியாதவர் கூற்றெனத் தோன்றலாம். ஆயின் அதனுள் ஒரு மெய்யியல் நிலைப்பாடு அடங்கியுள்ளது. மனிதனின் மதிப்பு அவனால் விளையும் பயனிலிருந்து பெறப்படுவதன்று. உழைக்க இயலாதவனும், குணமடைய மாட்டாதவனும், நன்றி கூறவும் நாவெழாதவனும் மனிதனே. அவனைக் கழுவுவதால் என்ன பயன் எனக் கேட்கும் சமுதாயம் அவனைக் கழிவுப் பொருளாக ஏற்கெனவே கணித்துவிட்டது. அவனை முதலில் வீதிக்கு அனுப்பியதும் அதே கணிப்புத்தான். ஆகவே, புழுவரித்த உடலொன்றைத் தொட்டுக் கழுவும் கை, நீதியின் முதற் கோட்பாட்டையே மொழிகிறது. எவரும் எண்ணிக்கையிலிருந்து விலக்கப்படலாகாது என்பதே அக்கோட்பாடு.

இக்கோட்பாட்டை மறந்த நீதி எவ்வாறு மாறும் என்பதற்கும் அதே மாநிலத்திற் சான்று உண்டு. தண்டகாரணியத்திற் குடியேற்றப்பட்டிருந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான வங்காள அகதிகள், 1978இல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் வந்து குடியேறினர். 1979இல், குடியானவரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே அரசு, அத்தீவை முற்றுகையிட்டுப் பொலிசாரின் துணைகொண்டு அவர்களை வெளியேற்றிற்று. இறந்தோர் தொகை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. இறந்தனர் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. வறியோரின் பெயரால் ஆண்டவர்களே வறியோரை நோக்கிப் படையனுப்ப நேர்ந்தது. வர்க்கம், மக்கள், வரலாறு என்னும் பெருஞ்சொற்களுள் ஒருவனின் முகம் மறைந்துவிடும்போது நீதியும் கொடுமையாகக்கூடும்.

இதுவரை கூறியவற்றால் கருணை வென்றது எனக் கொள்ளலாகாது. எவரும் எண்ணிக்கையிலிருந்து விலக்கப்படலாகாது என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட கருணை, அதனால் விளையும் கடமைகளையும் ஏற்றாக வேண்டும். இவ்விடத்திற்றான் நிர்மல் ஹிருதய் மீதான கண்டனங்களைக் கவனத்திற்கொள்ளல் தகும். 1994இல், ‘லான்செற்’ என்னும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையின் ஆசிரியர் றொபின் பொக்ஸ் அவ்விடத்தைப் பார்வையிட்டுத் தம் குறிப்புகளை வெளியிட்டார். அங்கு நிலவிய தூய்மையையும் புண்களைப் பேணும் முறையையும் அன்பையும் அவர் பாராட்டினார். ஆயின் வைத்தியர் எப்போதாவதுதான் வந்துசென்றனர். சிகிச்சை பற்றிய முடிவுகளைக் கன்னியரும் தொண்டரும் மேற்கொண்டனர். கடுங்காய்ச்சலுடன் வந்த இளைஞன் ஒருவனுக்கு வேறு மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்க, பின்னர் வந்த வைத்தியரே அது மலேரியாவாக இருக்கலாமெனக் கண்டு மருந்தை மாற்றினார். இரத்தப் பரிசோதனை செய்வது அங்கு வழக்கமாயிருக்கவில்லை. குணமாகக் கூடியவனுக்கும் ஆகாதவனுக்கும் வேறுபாடு காணும் முறை இருக்கவில்லை என்பதும், கடும் வேதனையைத் தணிக்கும் மருந்துகள் பயன்படுத்தப்படவில்லை என்பதும் அவரது குறைகூறலின் முக்கிய பகுதிகளாகும்.

இக்கண்டனத்துக்கு மறுமொழியும் உண்டு. இந்தியாவில் வேதனை தணிப்பு மருத்துவம் அக்காலத்தில் எங்கணும் பின்தங்கியிருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் மோர்பீனைப் பெறுவதை மிகக் கடினமாக்கியிருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்படும்வரை பெரும் வைத்தியசாலைகளிற்கூடப் புற்றுநோயாளர் பலர் அம்மருந்தின்றியே வேதனையுற்றனர். எனவே நாட்டின் குறையை ஓர் இல்லத்தின் மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. எனினும், 1967இல் இலண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் நிறுவிய புனித கிறிஸ்ரோபர் இல்லம் இறப்போர் பராமரிப்பில் அறிவும் அன்பும் எவ்வாறு ஒன்றிணையலாம் எனக் காட்டியிருந்தது. அவரும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவரே. ஆயின் வேதனையைத் தணிப்பதே நம்பிக்கையின் கடமையென அவர் கொண்டார். உலகெங்குமிருந்து நிதிவந்து குவிந்த ஒரு சபை, ஒரு நுணுக்குக்காட்டியையும் அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் அமர்த்திக்கொள்வது இயலாததன்று.

இயலக்கூடியது ஏன் செய்யப்படவில்லை? இவ்வினா பிரச்சினையின் மையத்துக்கு இட்டுச்செல்கிறது. ஏழைகள் தம் துன்பத்தை ஏற்று, அதனைக் கிறிஸ்துவின் பாடுகளோடு பகிர்ந்துகொள்வதில் ஓர் அழகுண்டு என்ற கருத்தை அன்னை தெரேசா வெளியிட்டமை பதிவாகியுள்ளது. துன்பத்துக்குப் பொருள் காணும் இம்முயற்சி கிறிஸ்தவ மரபில் ஆழ வேரூன்றியது. பிற சமயங்களும் தத்தம் வழியில் அதனை அறிந்தனவே. பொருளற்ற துன்பத்தைக் காட்டிலும் பொருளுடைய துன்பத்தைத் தாங்குதல் எளிது என்பது அனுபவ உண்மை. ஆயின் இங்கு ஒரு வேறுபாடு இன்றியமையாதது. ஒருவர் தம் துன்பத்துக்குத் தாமே பொருள் காணலாம். பிறர் துன்பத்துக்கு அவர் சார்பில் பொருள் கற்பிக்க எவர்க்கும் உரிமையில்லை. தன் வேதனையை இறைவனுக்குக் காணிக்கையாக்குவேன் என்று ஒருத்தி கூறுவாளாயின் அது அவளது துறவு. அயற் கட்டிலிற் கிடக்கும் றிக்‌ஷாத் தொழிலாளியின் வேதனையையும் அவ்வாறே கருதி வாளாவிருப்பாளாயின், அவனுடையதை அவள் காணிக்கை வைத்தவளாகிறாள்.

இவ்வேறுபாட்டின் முதற் பாதிக்கு அன்னை தெரேசாவின் வாழ்க்கையே வியப்புக்குரிய சான்றாகும். அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. அவற்றை அழித்துவிடுமாறு அவர் கேட்டிருந்தார். தம் பணியைத் தொடங்கிய காலத்தையொட்டி ஏற்பட்ட அக இருள், அரை நூற்றாண்டளவாக அவரை விட்டகலவில்லை என்பதை அக்கடிதங்கள் வெளிப்படுத்தின. இறைவனின் இருப்பை உணராதவராகவே, இறைவனை ஏழையின் முகத்திற் காண்பதாகக் கூறி அவர் நாள்தோறும் புண்களைக் கழுவினார். கான்ட் கூறிய கடமை, அஃதாவது உள்ளத்தின் இனிமையால் உந்தப்படாது செய்யப்படும் கடமை, இதனினும் தெளிவாக வெளிப்பட்ட இடங்கள் சிலவே. தம் துன்பத்துக்குத் தாமே பொருள் காணும் உரிமையை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். அவ்வுரிமை தம் பராமரிப்பில் இருந்தோர்க்கும் தனித்தனியே உரியது என்பதற்கு அதே அளவு கருத்துச் செலுத்தப்பட்டதா என்பதே எஞ்சும் வினா.

சமயம் பற்றிய குற்றச்சாட்டும் இவ்வளவுகோலாலேயே அளக்கத்தக்கது. இறப்போர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சமய முறைப்படியே இறுதிக் கடன்கள் செய்யப்பட்டன என்பது சபையினர் கூற்று. நினைவிழக்கும் நிலையிலிருந்தோர்க்கு இரகசியமாகத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்பது சபையை விட்டு விலகிய கன்னியர் ஒருவரின் கூற்று. இவற்றுள் எது எந்த அளவுக்கு மெய்யாயினும், நெறி ஒன்றே. வாழ்க்கையில் எல்லாம் பறிக்கப்பட்ட ஒருவனிடம் இறுதியில் எஞ்சியிருப்பது அவனது இறப்பு ஒன்றே. அதன் பொருளை அவன் சம்மதமின்றி மாற்றியமைத்தல், எத்துணை நல்லெண்ணத்துடன் செய்யப்படினும், அவனை மீண்டும் ஒருமுறை வறியவனாக்குவதாகும்.

அடுத்து நோக்கத்தக்கது பணம். அமெரிக்க நிதித்துறையாளர் சார்ல்ஸ் கீட்டிங் 12.5 இலட்சம் டொலரளவில் சபைக்கு வழங்கினார். பின்னர் சிறு சேமிப்பாளர் பலரை ஏமாற்றியதாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டபோது, அவர்பால் இரக்கங் காட்டுமாறு அன்னை தெரேசா 1992இல் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வழக்கை நடத்திய அரச சட்டத்தரணிகளுள் ஒருவர், அப்பணம் பிறரிடமிருந்து அபகரிக்கப்பட்டது என்றும் அதனை உரியோரிடம் திருப்பிக் கொடுத்தல் தகும் என்றும் அவருக்கு எழுதினார். அதற்கு விடை கிடைக்கவில்லை என அச்சட்டத்தரணி கூறினார். ஏழைக்குச் சென்று சேரும் பணம் எங்கிருந்து வந்ததெனக் கேளாதிருத்தல், ஓர் ஏழையின் துயரைத் துடைக்க மற்றோர் ஏழையின் துயருக்கு உடன்படுவதாக முடியலாம். காரணத்தை ஆராயாத கருணைக்கு நேரக்கூடிய இடர் இதுவே.

அரசியல் தமது துறையன்று என்று அன்னை தெரேசா கூறிவந்தார். ஒருவரே எல்லாப் பணிகளையும் செய்ய வேண்டுமென எதிர்பார்ப்பது தகாது. புண்ணைக் கழுவுபவர் நிலச்சட்டமும் இயற்ற வேண்டுமென்பதில்லை. ஆயினும் அவரது மௌனம் முழுமையானதன்று. 1979 டிசெம்பரில் ஒஸ்லோ நகரில் நோபல் உரை நிகழ்த்துகையில், கருக்கலைப்பே சமாதானத்துக்குப் பேரழிவு விளைப்பது என அவர் வெளிப்படையாகக் கூறினார். அக்கருத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர். இங்கு அதுவன்று பொருள். அரசுகளை நோக்கி ஒரு விடயத்தில் அறங்கூற இயன்றவர்க்கு, கூலியும் நிலமும் உரிமையும் பற்றி அறங்கூறவும் இயன்றிருக்கும். உலகத் தலைவர்கள் அவர் சொல்லுக்குச் செவிமடுக்க நின்ற காலம் அது. கேட்கப்படாமற் போன வினா, கேட்க இயலாத வினா அன்று.

கையிற் கிண்ணமேந்திய துறவுநெறிப் பெண்ணொருத்தி இவ்வினாவைக் கேட்ட கதையைத் தமிழ் இலக்கியம் அறியும். புகார் நகரின் உலக அறவியில் அமுதசுரபி கொண்டு பசித்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் உணவளித்த மணிமேகலை, அவ்வளவில் நின்றுவிடவில்லை. சோழ மன்னன் முன் சென்றபோது அவள் கேட்டது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே. சோற்றுடன் தொடங்கிய கருணை, அரசின் ஏற்பாடொன்றை மாற்றும்வரை சென்றது. காப்பியம் வரலாறன்று எனினும், கருணைக்கும் நீதிக்கும் இடையே மதிலெழுப்ப வேண்டியதில்லை என்னும் சிந்தனை மிகப் பழையது என்பதற்கு அது சான்றாகும்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை காணலாம். கருணையும் நீதியும் ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பும் இரு மாற்றுவழிகள் அல்ல. நீதி பிந்தி வருமிடத்துக் கருணையைத் தவிர வேறெதற்கும் விடையில்லை. அவ்விடத்துக் கருணையை ஏளனஞ் செய்யும் கொள்கை தன் அடிப்படையையே ஏளனஞ் செய்கிறது. அதேவேளை, ஒருவனை மனிதனென ஏற்றுக் கையில் ஏந்திய கருணை, அவனது நோய் யாதென அறியவும், அவனது வேதனையைத் தணிக்கவும், அவன் சம்மதத்தைக் கேட்கவும், அவன் ஏன் வீதிக்கு வந்தான் என வினவவும் கடமைப்பட்டது. இக்கடமைகளில் ஒன்றைக் கைவிடுமிடத்து அது தன் அன்பிற் குறைந்ததாகிறது, நீதியில் மட்டுமன்று.

அன்னை தெரேசாவின் பணியை இவ்வாறு நோக்குமிடத்து, அதன் பெருமையும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பது புலனாகும். கூட்டத்தை நோக்காது ஒருவரை நோக்கியமையால், எவரும் தொடத் துணியாதவரைத் தொட்டார். கூட்டத்தை நோக்காமையால், அவ்வொருவரைப் போல் இலட்சக்கணக்கானோர் ஏன் உண்டாகின்றனர் என்பதை ஆராயாது விட்டார். அவரைக் கண்டிக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். சமூக மாற்றம் வரும்வரை தருமம் வீணெனக் கூறி வீதியிற் கிடந்தவனைக் கடந்துசென்ற கற்றோர் கல்கத்தாவிலும் பலர் இருந்தனர். பிற நகரங்களிலும் உளர். அவர்கள் நீதிக்காகவும் எதுவும் செய்யவில்லையெனின், அவர்தம் கொள்கை கடந்துசெல்வதற்குக் கிடைத்த சாட்டு மட்டுமே. அவ்வாறே, ஒரு நாணயத்தை இட்டுவிட்டு மனநிறைவுடன் வீடு திரும்புவோனின் ஈகையும் அத்தகைய சாட்டே. 1952இல் அந்த விடுதியின் தரையிற் கிடத்தப்பட்டவனுக்குக் கழுவும் கையும் தேவையாயிருந்தது. நோயறியும் அறிவும் தேவையாயிருந்தது. பல்லாண்டுகளுக்கு முன்னரே அவன் பெயரை ஏதேனுமொரு நிலப்பதிவேட்டில் எழுதியிருக்கக்கூடிய ஓர் எழுதுவினைஞனும் தேவையாயிருந்தான். முதலாவது மட்டுமே அவனுக்குக் கிடைத்தது.